நோயாளி ஒருவர், பதிவேடு ஐந்து: கடலூர், புதுச்சேரி தொண்டு மருத்துவமனைகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரி வட்டாரத்திலும் இலாப நோக்கின்றி இயங்கும் மருத்துவமனைகள், நல அறக்கட்டளைகள், நடமாடும் மருத்துவக் குழுக்கள் ஆகியவற்றின் நிர்வாகிகள், மருத்துவர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். நான் கடலூர் முதுநகரைச் சேர்ந்தவள். 2005ஆம் ஆண்டு முதல் இந்த வட்டாரத்துத் தொண்டு மருத்துவமனைகளின் பதிவறைகளில் வேலை பார்த்து வருகிறேன். ஓ.பி. சீட்டு எழுதுவதில் தொடங்கி, கோப்பு அடுக்கி, பிறகு கணினியில் பதியக் கற்றுக்கொண்டு, இப்போது ஒரு மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவைக் கவனித்துக்கொள்கிறேன். நான் மருத்துவரும் அல்ல, நிரல் எழுதத் தெரிந்தவளும் அல்ல. நோயாளியின் காகிதங்கள் எந்த இடத்தில் காணாமல் போகின்றன என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்ற உரிமையில் உங்கள் அனைவருக்கும் சேர்த்து இம்மடலை எழுதுகிறேன். நாம் ஒவ்வொருவரும் தனித்தனியே மருத்துவ மென்பொருள் வாங்குவதை நிறுத்திவிட்டு, நம்மைப் போன்ற தொண்டு நிறுவனங்கள் வேறு நாடுகளிலும் வேறு மாநிலங்களிலும் சேர்ந்து உருவாக்கி, மூல நிரலோடு (மென்பொருளை இயக்க எழுதிய வரிகளோடு) திறந்து வைத்திருக்கும் மென்பொருளைக் கூட்டாக எடுத்துக்கொண்டு, கூட்டாகப் பராமரித்து, நாம் செய்யும் திருத்தங்களை அவர்களுக்கும் திருப்பித் தர வேண்டும் என்பதே என் கோரிக்கை.

சென்ற மாதம் எங்கள் பதிவு மேசைக்கு மீனவக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா வந்தார். அறுபது வயதைக் கடந்தவர். கையில் மஞ்சள் பை, அதற்குள் ஜவுளிக்கடை பிளாஸ்டிக் உறை, அந்த உறைக்குள் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய காகிதக் கற்றை. ஒரு கண் பரிசோதனை அட்டை, சர்க்கரை நோய் முகாமில் கொடுத்த சிறு நோட்டு, இரண்டு வெவ்வேறு மருத்துவமனைகளின் ஓ.பி. சீட்டுகள், ஒரு டிஸ்சார்ஜ் சீட்டு, அதோடு மடித்து வைத்த ஈ.சி.ஜி. தாள். அந்தத் தாளில் கோடுகள் முழுவதும் வெளிறிப்போய், பேனாவால் எழுதிய பெயர் மட்டும் மிஞ்சியிருந்தது. ஐந்து இடத்துக் காகிதங்களிலும் வயது ஐந்து விதமாக இருந்தது. பெயரின் முன்னெழுத்து ஓரிடத்தில் தந்தையுடையது, மற்றோரிடத்தில் கணவருடையது. மருத்துவர் அவரிடம், "எந்த மருந்தாவது ஒத்துக்காமல் போயிருக்கிறதா அம்மா?" என்று கேட்டார். "வெள்ளை மாத்திரை சாமி, வாயெல்லாம் வீங்கிப்போச்சு" என்றார் அவர். எந்த வெள்ளை மாத்திரை என்பது கற்றையில் எங்குமே எழுதப்பட்டிருக்கவில்லை. நான்கு இடங்களுக்குத் தொலைபேசியில் பேசி, இரண்டு மணி நேரம் கழித்துத்தான் விடை கிடைத்தது. ஒரு மருத்துவமனையின் கணினியில் அந்த ஒவ்வாமை ஒழுங்காகவே பதிவாகியிருந்தது. ஆனால் அவர்கள் விலைக்கு வாங்கிய மென்பொருள் அச்சிடும் டிஸ்சார்ஜ் சீட்டில் ஒவ்வாமைக்கென்று ஒரு கட்டமே இல்லை. கட்டம் சேர்த்துத் தருமாறு விற்றவரிடம் பலமுறை கேட்டதாகவும், அதற்குத் தனிக் கட்டணம் சொன்னதால் அப்படியே விட்டுவிட்டதாகவும் அங்குள்ள பதிவர் என்னிடம் வருத்தத்தோடு சொன்னார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் இதைவிட மோசமாக நடந்தது. ஒரு சிறிய நிறுவனத்திடம் மென்பொருள் வாங்கியிருந்தோம். நான்கு ஆண்டுகள் நன்றாகவே ஓடியது. பிறகு அந்த நிறுவனம் தொழிலை மூடிவிட்டது. அந்த மென்பொருளின் உரிமச் சாவி ஒரே ஒரு கணினியோடு பூட்டப்பட்டிருந்தது. ஒரு மழைக்காலத்தில் அந்தக் கணினியின் மதர்போர்டு பழுதானதும், பேக்கப் எடுத்து வைத்திருந்த தரவு முழுவதும் எங்கள் கையிலேயே இருந்தும் அதைத் திறந்து படிக்க வழியில்லாமல் போயிற்று. மூல நிரலும் எங்களிடம் இல்லை, தரவு எந்த அமைப்பில் எழுதப்பட்டிருக்கிறது என்ற குறிப்பும் இல்லை. காகிதப் பதிவேடுகளைப் பார்த்து மூன்று பேர் ஆறு மாதம் திரும்பத் தட்டச்சு செய்தோம். அப்படியும் பழைய லேப் முடிவுகள் பெரும்பாலும் போனது போனதுதான். உங்களில் பலர் இதுபோன்ற ஒன்றைப் பட்டிருப்பீர்கள் என்று அறிவேன். பதிவறைக்காரர்கள் சந்திக்கும்போது நாங்கள் பேசிக்கொள்வதே பெரும்பாலும் இதைத்தான்.

இதே சிக்கலை இருபது ஆண்டுகளுக்கு முன் சந்தித்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். நம் நிலைக்கு அது மிகவும் நெருக்கமானது. கென்யாவின் எல்டோரெட் நகரில் எச்.ஐ.வி. சிகிச்சைத் திட்டம் ஒன்றுக்கு அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரிலுள்ள ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனம் பதிவேட்டு உதவி செய்து வந்தது. அவர்களிடம் முதலில் இருந்தது, மோசோரியோட் என்ற கிராமப்புறச் சுகாதார நிலையத்தில் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் உருவாக்கிய எளிய பதிவேடு. நோயாளிகள் கூடக் கூட அது தாங்கவில்லை. அதே காலத்தில் பாஸ்டன் நகரைச் சேர்ந்த பார்ட்னர்ஸ் இன் ஹெல்த் என்ற தொண்டு நிறுவனம், பெருவில் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாளிகளுக்காகவும் ஹெய்தியில் எச்.ஐ.வி. நோயாளிகளுக்காகவும் தனியே ஒரு பதிவேட்டு மென்பொருளை எழுதிப் பயன்படுத்தி வந்தது. இரு நிறுவனங்களுக்கும் நன்கொடையாளர்கள் வேறு, பணியிடங்கள் வேறு, மொழிகளும் வேறு. 2004ஆம் ஆண்டு இவர்கள் கலந்து பேசி, இரண்டு மென்பொருள் எழுதுவதை விட்டு ஒன்றையே சேர்ந்து எழுத முடிவு செய்தார்கள். தென்னாப்பிரிக்க மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உடன் சேர்ந்தது. 2006ஆம் ஆண்டு கென்யாவிலும் அடுத்து ருவாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் அது நடைமுறைக்கு வந்தது. அதுதான் ஓப்பன்எம்ஆர்எஸ். இன்று அது மொஸில்லா பொது உரிமம் 2.0இன் கீழ், மருத்துவப் பயன்பாட்டுக்கான ஒரு பொறுப்புத்துறப்புக் குறிப்போடு வெளியாகிறது. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம். மூலக் கோப்புகளில் மாற்றம் செய்து பிறருக்கு வழங்கினால் அந்த மாற்றத்தையும் திறந்தே வழங்க வேண்டும்.

இந்த மென்பொருள் நம்மைப் போன்றவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பதற்கு ஒரு சிறு சான்று சொல்கிறேன். அதன் பதிவேட்டில் பிறந்த தேதிக்குப் பக்கத்திலேயே, அந்தத் தேதி உறுதியானதா, உத்தேசமானதா என்று குறிக்க ஒரு தனிப் புலம் இருக்கிறது. எங்கள் மேசைக்கு வரும் முதியவர்களில் பலருக்குப் பிறந்த தேதி தெரியாது. "பெரிய புயலுக்கு முந்தின வருசம்" என்பார்கள்; "சுனாமியப்போ என் பேத்தி கைக்குழந்தை, அதை வச்சு எழுதிக்கோ" என்பார்கள். நான் பயன்படுத்திய பிற மென்பொருள்களில் தேதி போடாமல் அடுத்த திரைக்குப் போகவே முடியாது. ஆகவே நாங்கள் எல்லோருக்கும் ஜனவரி 1 என்று போட்டோம். ஆண்டுகள் கழித்து அந்தப் பட்டியலைப் பார்க்கிற எவரும், இந்தக் கரையோரத்துக் கிழவர்கள் அனைவரும் புத்தாண்டு அன்றே பிறந்ததாக நினைப்பார்கள். பொய்த் தேதியை உண்மைத் தேதியிலிருந்து பிரித்துக் காட்ட ஒரு சிறு குறி போதும் என்பது ஆப்பிரிக்கக் கிராமத்துப் பதிவு மேசையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம் நாட்டிலும் இதன் தொடர்ச்சி நடந்திருக்கிறது. சத்தீஸ்கரில் பிலாஸ்பூருக்கு அருகே கனியாரி என்ற ஊரில், தில்லி எய்ம்ஸில் படித்த மருத்துவர்கள் சிலர் தொடங்கிய ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் என்ற தொண்டு மருத்துவமனை இருக்கிறது. அவர்களுடைய தேவையை முன்னிட்டு, தாட்வொர்க்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்து நிரலர்கள் ஓப்பன்எம்ஆர்எஸ்ஸை எடுத்து, ஆய்வகத்துக்கு ஓப்பன்எலிஸ் என்ற மென்பொருளையும் ரசீதுக்கும் மருந்து இருப்புக்கும் ஓடூ என்ற மென்பொருளையும் அதனுடன் பிணைத்து, ஒரு முழு மருத்துவமனைக்கும் போதுமான மென்பொருளாக்கினார்கள். பாஹ்ம்னி என்ற பெயரில் அது இன்று பல நாடுகளில் ஓடுகிறது. மூன்றும் முன்பே திறந்த நிலையில் இருந்தவை. அவற்றைச் சேர்க்கும் வேலை மட்டுமே புதிதாகத் தேவைப்பட்டது. சத்தீஸ்கரின் ஒரு கிராமத்து மருத்துவமனைக்காக ஆய்வக முடிவு மருத்துவரின் திரைக்குத் தானாக வந்து சேரும்படி எழுதிய நிரல், மற்ற எல்லோருக்கும் கட்டணமின்றிக் கிடைத்துவிட்டது. நம் வட்டாரத்தில் ஐந்து மருத்துவமனைகள் இதே வசதிக்காக இதுவரை ஐந்து பேரிடம் ஐந்து முறை பணம் கொடுத்திருக்கின்றன.

இப்படித் திறந்து வைக்கப்பட்ட கட்டற்ற மென்பொருள் என்றால் செலவே இல்லை என்று நான் சொல்லவில்லை. உரிமக் கட்டணம் இல்லை என்பது மட்டுமே உண்மை. சர்வர் வாங்க வேண்டும், மின்தடைக்கு பேட்டரி வேண்டும், ஊழியர்களுக்குப் பயிற்சி வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அதைத் தெரிந்த ஆள் வேண்டும். ஒரு தொண்டு மருத்துவமனை தனியாக ஒரு நல்ல நிரலரை வைத்துக்கொள்ள முடியாது. வைத்தாலும் அவர் ஈராண்டில் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடுவார், அவருடன் அறிவும் போய்விடும். இப்படிப் பாதியில் நின்றுபோன முயற்சிகளை நானே பார்த்திருக்கிறேன், அதனால்தான் கூட்டாகச் செய்யுங்கள் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன். ஐந்தாறு நிறுவனங்கள் சேர்ந்து இரண்டு நிரலருக்கும், மருத்துவமனை வேலை தெரிந்த ஒரு செவிலியருக்கும் சம்பளம் கொடுத்தால், ஒருவர் விலகினாலும் மற்றவர் இருப்பார். விழுப்புரத்திலும் புதுச்சேரியிலும் கட்டற்ற மென்பொருள் குழுக்கள் பல ஆண்டுகளாகக் கல்லூரி மாணவர்களுக்கு லினக்ஸும் நிரலாக்கமும் கற்றுக்கொடுத்து வருகின்றன. ஊரைவிட்டுப் போகாமல் வேலை செய்ய விரும்பும் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். நாம்தான் அவர்களைத் தேடிப் போகவில்லை.

நாம் செய்யும் மாற்றங்களைத் தாய்த் திட்டத்துக்கு, அதாவது அந்த மென்பொருளை எழுதிப் பராமரிப்பவர்களுக்கு, திருப்பி அனுப்புவதைப் பெருந்தன்மை என்று சிலர் நினைக்கிறார்கள். அது நம் சொந்த நலனும்கூட. நமக்கு வேண்டிய மாற்றத்தை நம் கணினியிலேயே வைத்துக்கொண்டால், அடுத்த பதிப்பு வரும்போது அந்த மாற்றம் முறிந்துபோகும். மறுபடி உட்கார்ந்து ஒட்ட வேண்டும். இரண்டு முறை ஒட்டிப் பார்த்துவிட்டு மூன்றாம் முறை பதிப்பை மாற்றாமலே விட்டுவிடுவோம். பிறகு பாதுகாப்புத் திருத்தங்களும் நமக்கு வராது. தாய்த் திட்டத்தில் நம் மாற்றம் ஏறிவிட்டால், அதைக் காப்பது எல்லோருடைய வேலையாகிவிடுகிறது.

நாம் திருப்பித் தரக்கூடியவற்றில் முதன்மையானது தமிழ். ஓப்பன்எம்ஆர்எஸ்ஸில் நோய், அறிகுறி, பரிசோதனை, மருந்து ஆகிய ஒவ்வொன்றும் ஒரு கருத்தாக அகராதியில் இருக்கும். ஒரே கருத்துக்குப் பல மொழிகளில் பல பெயர்களைச் சேர்க்கலாம். பெயர் எதுவானாலும் உள்ளே இருக்கும் அடையாளம் ஒன்றே. கிராமச் செவிலியர் "கிறுகிறுப்பு" என்று பதிந்ததை மருத்துவர் தம் திரையில் ஆங்கில மருத்துவச் சொல்லாகப் பார்க்கலாம். "மூச்சு வாங்குது", "நெஞ்சு படபடன்னு அடிக்குது", "கால் மரத்துப் போவுது" என்று நோயாளிகள் சொல்லும் சொற்களை எந்தக் கருத்தோடு சேர்க்க வேண்டும் என்பதை நம் மருத்துவர்களும் கிராமச் செவிலியர்களும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தால், அந்தப் பட்டியல் தமிழ்நாடு முழுவதற்கும் இலங்கைக்கும் பயன்படும். ஹெய்தியிலும் ருவாண்டாவிலும் பயன்பட்டதால் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு ஏற்கெனவே இருக்கிறது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்களைச் சேர்ந்த முதியவர்கள் பிரெஞ்சில் எழுதிய மருத்துவக் காகிதங்களோடு வருவதைப் புதுச்சேரி நண்பர்கள் அறிவார்கள். கடல் கடந்து எவரோ தம் தேவைக்குச் செய்தது நம் ஊர்ப் பெரியவர் ஒருவருக்கு உதவுகிறது. நாம் தமிழில் செய்வதும் இப்படி யாருக்கேனும் உதவும்.

நோயாளியின் தரவு வெளியே போய்விடாதா என்று இதைப் பேசும்போதெல்லாம் கேட்கிறார்கள். நியாயமான அச்சம். மென்பொருளைப் பகிர்வது வேறு, நோயாளியின் பதிவைப் பகிர்வது வேறு. ஒரே மென்பொருளை ஐந்து மருத்துவமனைகள் பயன்படுத்தினாலும் அவரவர் தரவு அவரவர் சர்வரிலேயே இருக்கும். 2023ஆம் ஆண்டின் எண்முறை (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரவைக் கையாளும் நிறுவனத்தைப் பொறுப்பாக்குகிறது, ஒப்புதலையும் கேட்கிறது. அந்தப் பொறுப்பிலிருந்து தொண்டு நிறுவனம் என்பதற்காக நாம் விலக முடியாது. யார் எப்போது எந்தப் பதிவைத் திறந்தார் என்று கணக்கு வைக்கும் நிரலை நம் ஆளே திறந்து படித்துச் சரிபார்க்க முடிகிற மென்பொருளில் எனக்கு அதிக நம்பிக்கை இருக்கிறது. விற்றவர் சொல்வதை மட்டும் நம்பி இருந்த காலத்தில், எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல்தான்.

நோயாளி ஒப்புக்கொண்டால் பதிவு ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவதற்கு வழி உண்டா என்றால், அதற்கான பாதையும் போடப்பட்டிருக்கிறது. 2020 ஆகஸ்ட் 15 அன்று தேசிய எண்முறை சுகாதாரத் திட்டம் முன்னோட்டமாகத் தொடங்கிய ஆறு ஒன்றியப் பகுதிகளில் புதுச்சேரியும் ஒன்று. அத்திட்டம் ஒவ்வொருவருக்கும் தரும் 14 இலக்கச் சுகாதார அடையாளமான ஆபா எண் இன்று மாநில எல்லையிலுள்ள கன்னியக்கோயிலுக்கு இப்பாலும் அப்பாலும் ஒன்றுதான். பதிவைப் பரிமாறிக்கொள்ள அத்திட்டம் பயன்படுத்தும் எஃப்எச்ஐஆர் என்ற தரமுறை திறந்தது. அதனோடு பாஹ்ம்னியை இணைக்கும் நிரலும் எழுதி வெளியிடப்பட்டிருக்கிறது. எண் மட்டும் அட்டையில் இருந்து, மருத்துவமனையின் மென்பொருளுக்கு அந்தத் தரமுறையில் பேசத் தெரியாவிட்டால் பயனில்லை. கடலூர் நோயாளிக்கு மாநில எல்லை என்பது பேருந்தில் தூங்கினால் தெரியாமல் கடந்துவிடும் ஒரு நிறுத்தம். அவருடைய மருத்துவப் பதிவு மட்டும் அங்கேயே இறங்கிவிடுகிறது.

நம் ஊருக்கே உரிய தேவை ஒன்றையும் குறிப்பிட வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு சில வாரங்கள் தேவனாம்பட்டினத்துப் பக்கம் மருத்துவ முகாம்களில் தன்னார்வலராக இருந்தேன். நான் இந்த வேலைக்கு வந்ததே அதனால்தான். உதவிக்கு வந்த ஒவ்வொரு குழுவிடமும் ஒரு நோட்டு இருந்தது. ஒரு குழந்தைக்குத் தட்டம்மை ஊசி போட்டாயிற்றா என்று கேட்டால், அலைந்து களைத்துப்போன தாய்க்கு நினைவில்லை. விடை எந்த நோட்டில் இருக்கிறதோ அந்தக் குழு வேறு கிராமத்துக்குப் போயிருக்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபின் பல கிராமங்கள் நெடுநாள் இருட்டில் கிடந்தன. 2015 வெள்ளத்திலும், 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையேறித் தென்பெண்ணை பெருக்கெடுத்தபோதும், நனைந்து ஒட்டிக்கொண்ட சீட்டுகளை மின்விசிறிக்கு அடியில் உலர்த்தியவர்களில் நானும் ஒருத்தி. மொட்டை மாடியில் ஒரு பேட்டரியில் ஓடி, இணையம் இல்லாதபோதும் பதிந்துகொண்டு, இணைப்பு வந்ததும் ஒத்திசைந்துகொள்ளும் அமைப்பு இந்தக் கரைக்கு வேண்டும். அதைச் சென்னையிலோ வேறு எங்கோ உட்கார்ந்து யாரும் நமக்காக யோசித்துத் தரப்போவதில்லை. நாம் செய்து கொடுத்தால் ஒடிசாவுக்கும் வங்காளத்துக்கும் அது வேண்டியிருக்கும்.

ஆகவே அடுத்த மழைக்காலம் தொடங்குவதற்கு முன் ஒரு நாள் கூடுவோம் என்று கேட்டுக்கொள்கிறேன். கடலூரோ புதுச்சேரியோ, இடம் உங்கள் விருப்பம். அன்று எந்த மென்பொருள் என்ற விவாதம்கூட வேண்டாம். ஒவ்வொரு நிறுவனமும் தன் வெற்று ஓ.பி. சீட்டு, லேப் கோரிக்கைத் தாள், டிஸ்சார்ஜ் சீட்டு ஆகிய மூன்றையும் கொண்டுவரட்டும். அவற்றை ஒரே மேசையில் பரப்பி, எல்லோருக்கும் பொதுவான கட்டங்கள் எவை என்று சிவப்பு மையால் வட்டம் போடுவோம். ஒவ்வாமைக்கான கட்டம் எத்தனை சீட்டுகளில் இருக்கிறது என்று அன்றே தெரிந்துவிடும். கூட்டுக் குழுவுக்குச் சம்பளம் யார் எவ்வளவு தருவது என்பதை மாலையில் பேசலாம். நிர்வாகிகள் வரும்போது, தங்கள் பதிவு மேசையில் தினமும் உட்காரும் ஊழியர் ஒருவரையும் தவறாமல் அழைத்து வர வேண்டும்.

இப்படிக்கு,
பதிவேட்டுப் பணியாளர் ஒருத்தி,
கடலூர் முதுநகர்.